காளானை ஃப்ரிட்ஜில் வைத்தால் போதுமா?

நான் ஒரு மருந்து நிறுவனத்தில் ஸ்டெபிலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். மாத்திரை அட்டையின் பின்னால் எக்ஸ்பைரி என்று ஒரு மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அதற்கு ஆதாரம் தேடித் தருவதுதான் எங்கள் வேலை. மாத்திரையை 40 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் ஆறு மாதம் வைப்போம். அதே மாத்திரையை அதைவிடக் குறைந்த வெப்பத்தில் ஆண்டுக் கணக்கிலும் வைப்போம். அவ்வப்போது எடுத்து, கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டி, மருந்து எவ்வளவு மிச்சம், காணாமல் போனது என்னவாக மாறியது என்று பார்ப்போம்.

சொந்த ஊர் வத்தலக்குண்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும் பஸ்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். அதனால் மேஜிக் மஷ்ரூம் என்ற பேச்சு எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழக்கம். மழை விட்டதும் மேய்ச்சல் நிலத்தில் முளைக்கும், வெளியூர்ப் பையன்கள் தேடி வருவார்கள், போலீஸ் பிடிக்கும், பேப்பரில் 'போதைக் காளான்' என்று செய்தி வரும். சமீபத்தில் சித்தி மகன் போன் செய்தான். அவனுடைய ரூம்மேட் மலையிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறானாம். "அக்கா, ஃப்ரிட்ஜ்ல வச்சா பவர் குறையாதுல்ல? கெட்டுப் போகாதுல்ல?" என்று கேட்டான்.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த இரண்டு கேள்வியும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. வீரியம் குறையாமல் இருப்பது ஒரு விஷயம், சாப்பிடுகிறவர் உயிருக்கு ஆபத்தில்லாமல் இருப்பது முற்றிலும் வேறு விஷயம். இதில் குழம்பியவர்கள்தான் ஐ.சி.யூ. வரை போகிறார்கள்.

முதலில் வீரியம். இந்தக் காளானில் இருக்கும் முக்கியமான பொருள் சைலோசைபின். அதன் மூலக்கூறில் ஒரு பாஸ்பேட் தொகுதி ஒட்டியிருக்கிறது, அது இருக்கும் வரை மூலக்கூறு ஓரளவு உறுதியாக நிற்கும். பாஸ்பேட் கழன்றால் மிஞ்சுவது சைலோசின். நம் உடலுக்குள் போனதும் நடப்பது இதுதான், மூளையில் வேலை செய்வதும் சைலோசின்தான். ஆனால் காற்றில் சைலோசின் நிலைக்காது. ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீல நிறப் பொருளாக மாறிவிடும். இந்தக் காளானைக் கிள்ளினால் நீலம் பாய்வது அதனால்தான்.

இந்த நீலத்தின் முழுக் கதை தெரிந்து அதிக நாள் ஆகவில்லை. ஜெர்மனியில் யேனா நகரத்தில் டிர்க் ஹாஃப்மைஸ்டரின் குழு 2019-20 வாக்கில் அதை விளக்கியது. காளானுக்குள்ளேயே இரண்டு என்சைம்கள் இருக்கின்றன. ஒன்று பாஸ்பேட்டைக் கழற்றுகிறது, இன்னொன்று சைலோசினை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. செல் உடையாத வரை அவை சைலோசைபினைத் தொடுவதில்லை. கிள்ளினாலோ நசுக்கினாலோ எல்லாம் கலந்துவிடும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அதே வகை வேலை. ஆகவே நீலம் என்பது சைலோசைபின் இருந்ததற்கு அடையாளம், அதில் ஒரு பங்கு அழிந்துவிட்டது என்பதற்கும் அடையாளம். நீலம் கூடக் கூடப் பவர் கூட என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருவோம். பிராக் நகரத்து ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். படித்தபோது எங்கள் துறைக்காரர்கள் செய்தது போலவே இருந்தது. சைலோசைபி கியூபென்சிஸ் என்ற மேஜிக் மஷ்ரூம் இனத்தைப் பல விதமாக வைத்து, சைலோசைபினும் அதன் கூட்டாளிப் பொருட்களும் எவ்வளவு மிஞ்சுகின்றன என்று அளந்திருக்கிறார்கள். மிகக் குறைந்த இழப்பு, உலர்த்திய காளானை இருட்டில் அறை வெப்பத்தில் வைத்தபோது. மிக அதிக இழப்பு, பச்சைக் காளானை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தபோது. குளிர் அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணத்தை யோசித்தால் புரிந்துவிடும். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உறையும்போது பனிப் படிகங்கள் செல் சுவரைக் கிழிக்கின்றன. அப்புறம் என்சைமும் சைலோசைபினும் சந்திப்பதற்குத் தடையே இல்லை. உலர்ந்த காளானிலோ, தண்ணீர் இல்லாததால் என்சைம் முடங்கிக் கிடக்கிறது.

எங்கள் வேலையில் முதல் எதிரி வெப்பம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலான நேரம் தண்ணீர்தான். ஃபின்லாந்தில் ஒரு ஆய்வு, அருங்காட்சியகத் தொகுப்புகளில் இருந்த, சைலோசைபி செமிலான்சியேட்டா என்ற இன்னொரு இனத்தின் பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. காகித உறைக்குள் காய்ந்து கிடந்தவை. ஆண்டுகள் போகப் போக அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, ஆனாலும் நூறு வயதைத் தாண்டிய மாதிரியில்கூட சைலோசைபினைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. நாங்கள் மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்க வைக்கப் பாடுபடும் மூலக்கூறுகள் உண்டு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிராகின் அறை வெப்பம் வேறு, சென்னையின் அறை வெப்பம் வேறு. நம் கடற்கரை ஊர்களில் அப்பளக் கட்டையே பிரித்து வைக்க முடியாது. உலர்ந்த காளான் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உணவு ஆய்வகங்களில் வாட்டர் ஆக்டிவிட்டி என்று ஒரு அளவு உண்டு, ஒரு பொருளில் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பதைக் காட்டுவது. அது 0.6-க்குக் கீழே இருந்தால் எந்தப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராது. அதைத் தாண்டி மேலே போகப் போக முதலில் பூஞ்சைகளும், பிறகு பாக்டீரியாக்களும் வரும். ஃப்ரிட்ஜில் வைத்துத் திறந்து மூடும் டப்பாவில் ஒவ்வொரு முறையும் ஈரக் காற்று உள்ளே போய்த் துளியாகப் படியும். தொட்டால் வறண்டதாகத் தெரியும் காளானின் உள்ளே பூஞ்சைக்குப் போதுமான ஈரம் இருக்கலாம்.

தேனில் போட்டு வைக்கலாமே என்பார்கள். பழைய வழக்கம்தான். மெக்சிகோவில் மக்கள் இந்தக் காளான்களைத் தேனோடு சாப்பிட்டார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ தே சஹாகூன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். தேன் கெடாமல் இருப்பது அதில் தண்ணீர் 20 சதவீதத்துக்கும் குறைவு என்பதால். அதில் பச்சைக் காளானைப் போட்டால் காளானின் தண்ணீர் தேனுக்குள் இறங்கும். நீர்த்த தேன் புளிக்கும். அதற்குப் பிறகு அதைத் தேன் என்ற நம்பிக்கையில் தொடக் கூடாது.

இவ்வளவும் வீரியத்தைப் பற்றி. ஆனால் ஸ்டெபிலிட்டி ஆள் எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: முதல் நாள் அளவு என்ன? அது தெரியாமல் ஆறாவது மாதத்தில் 80 சதவீதம் மிச்சம் என்று சொல்ல வழியே இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் பியூக், ஜெரமி பிக்வுட் இருவரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்பாடான சூழலில் வளர்த்த கியூபென்சிஸ் காளான்களுக்குள்ளேயே சைலோசைபின் அளவு நான்கு மடங்கு வரை மாறியது. வெளியிலிருந்து வந்த மாதிரிகளில் பத்து மடங்குக்கும் மேல். ஒரே எடை, ஒரே தோற்றம், பத்து மடங்கு வித்தியாசம். என் மேசைக்கு இப்படி ஒரு மாத்திரை வந்தால் அந்த பேட்ச் முழுவதையும் நிராகரித்துவிடுவேன். நன்றாகச் சேமித்தால் அந்த நிச்சயமின்மை அப்படியே பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு வேதியியல் கண்ட தீர்வு வேறு வழியில் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெலில் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஆல்பர்ட் ஹாஃப்மன், பாரிசில் காளான் ஆய்வாளர் ரோஜர் ஹைம் வளர்த்து அனுப்பிய காளான்களிலிருந்து 1958-இல் சைலோசைபினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். விலங்குச் சோதனைகள் தெளிவான பதில் தராததால், காய்ந்த காளானில் சத்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவரே 32 காளான்களைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மொத்தம் 2.4 கிராம். 1962-இல் அவர் மெக்சிகோவின் மசாடெக் மலைப்பகுதிக்குப் போய் மரியா சபீனா என்ற வைத்தியப் பெண்மணியிடம் செயற்கை சைலோசைபின் மாத்திரைகளைக் கொடுத்தார். காளானின் சக்தி இதிலும் இருக்கிறது என்று சபீனா ஒப்புக்கொண்டார். அவர்களுக்குக் காளான் மழைக்காலத்தில் மட்டும்தான், மாத்திரைக்கு அந்தக் கட்டு இல்லை. என்சைமும் ஈரமும் மண்ணும் இல்லாத வெள்ளைப் படிகம். இன்று மருத்துவ ஆய்வுகளில் 25 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுப்பதும், ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு நோய்க்கு எழுதித் தர முடிவதும் இந்தப் படிகத்தின் தயவில்தான். அந்த ஆய்வுகள் வெற்றி பெற வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. ஆனால் அதைச் சொல்லி மலைக் காளானை யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

சரி, இரண்டாவது கேள்வி. உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது?

சைலோசைபின் உள்ள காளான்களில் பல இனங்கள் சிறிய பழுப்புக் காளான்கள். அதே அளவில், அதே நிறத்தில் கேலரினா மார்ஜினேட்டா என்று ஒன்று உண்டு. அதில் இருப்பது அமடாக்சின், கல்லீரலை அழிக்கும் நஞ்சு. சமைத்தால் போகாது. உலர்த்தினால் போகாது. உறைய வைத்தாலும் போகாது. சைலோசைபினைவிடப் பல மடங்கு உறுதியான மூலக்கூறு அது. காளானை எவ்வளவு கவனமாகப் பாதுகாக்கிறோமோ அவ்வளவு கவனமாக அதையும் பாதுகாத்துத் தருகிறோம்.

இதில் எனக்கு மிகவும் பயம் தருவது, உலர்த்தும்போது அடையாளமும் போய்விடுகிறது. பறித்த காளானில் தொப்பியின் வடிவம், காம்பின் வளையம், வித்துத்தூளின் நிறம், கிள்ளினால் வரும் நீலம் என்று நிபுணருக்குப் பார்க்கப் பல விஷயங்கள் இருக்கும். காய்ந்து சுருங்கி ஒடிந்த பிறகு ஒரு பாக்கெட்டில் ஒரே இனம்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பொடியாக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ரூம்மேட் 'தெரிந்த ஆள்கிட்ட வாங்கினது' என்றானாம். அந்த ஆளும் யாரோ ஒருவர் பறித்ததை வாங்கியவர்தான். தலைமுறைகளாகக் காட்டுக் காளான் பறித்துச் சாப்பிடுகிறவர்களுக்கே தவறுகிறது. 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பகுதி மக்கள். அவர்கள் போதைக்காகச் சாப்பிடவில்லை, குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்.

சட்டத்தையும் தம்பியிடம் சொன்னேன். சைலோசைபினும் சைலோசினும் நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. காளானின் முழு எடையைக் கணக்கிடுவதா, உள்ளே இருக்கும் சைலோசைபினை மட்டும் கணக்கிடுவதா என்று நீதிமன்றங்களில் வாதம் நடக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் மனுவில், காளானைப் போதைப்பொருள் கலந்த கலவையாகப் பார்த்து முழு எடையையும் கணக்கிட முடியாது என்றது. அதைப் படித்துவிட்டு அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரூமில் இருந்தால் வழக்கு ரூமில் இருக்கும் எல்லோர் மேலும் பாயலாம். இங்கிலாந்தில் 2005 வரை பச்சைக் காளான் விற்கலாம், உலர்த்தினால் குற்றம் என்ற விசித்திரமான நிலை இருந்தது. அதாவது அங்கே அப்போது உலர்த்திச் சேமிப்பதே குற்றமாக இருந்தது. இப்போது அங்கே இரண்டுமே குற்றம்.

அவனுடைய ரூம்மேட் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. தம்பி தன் ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை என்று சொன்னான், நம்புகிறேன்.

காளானைப் பத்திரப்படுத்த வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. யாராவது காட்டுக் காளானைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சம் இருப்பதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முழுதாக, கழுவாமல், காகிதத்தில் சுற்றி. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகி அடையாளம் கெட்டுவிடும். மருத்துவமனை போய்ச் சேரத் தாமதமானால் அந்தக் காகிதப் பொட்டலத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். சைலோசைபின் என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் அது அமடாக்சினாக இருக்கலாம். மறுநாள் வயிறு சரியாகி, ஆள் தெளிந்தது போல் இருப்பார். கல்லீரல் அப்போதுதான் கெட்டுக்கொண்டிருக்கும். எப்போது சாப்பிட்டார், எப்போது வாந்தி தொடங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸுக்குப் பயந்து டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். தெளிந்துவிட்டார் என்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.