உதகையில் காற்றுத் துகள் அளவீடு: மூடுபனியையும் புகையையும் பிரிக்கும் முயற்சி

சமவெளி நகரங்களில் நுண்துகள் (பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள்) மாசு ஒரு நாளுக்குள் ஏறி இறங்கும் விதம் நன்கு அறியப்பட்டதே. காலைப் போக்குவரத்து நேரத்தில் ஓர் உச்சம் வரும். வெயில் ஏறி, தரையை ஒட்டிய காற்றுக் கலவை அடுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரும் பிற்பகலில் அளவு தாழும். இரவில் அந்த அடுக்கு சுருங்கும்போது மீண்டும் ஏறும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் உதகையிலும் இதே ஒழுங்கு உண்டா என்று அறிய விரும்பியே இந்தக் கருவியை அமைத்தேன்.

எஸ்.டி.எஸ். 011 என்ற லேசர் உணரி, அதை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஈ.எஸ்.பி. 8266, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் பி.எம்.இ. 280 ஆகியவையே முதல் அமைப்பு. லேசரின் ஆயுள் 8,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டிருப்பதால், இடைவிடாமல் ஓடவிட்டால் ஓராண்டுகூட நிற்காது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அரை நிமிடம் காற்றை இழுத்தபின் அளவைப் பதிந்துவிட்டு உறங்கும்படி நிரல் எழுதினேன்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மழை காற்றைக் கழுவிவிடுவதால் துகள் அளவு ஆண்டிலேயே மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால், திருத்தாத வரைபடத்தில் ஜூலை மாதமே மிக மாசடைந்த மாதமாகத் தோன்றியது. இவ்வகை உணரி துகளை எடைபோடுவதில்லை. துகள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு எடையை ஊகிக்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை ஏற்று உப்பிவிடும். மூடுபனி இறங்கிவிட்டாலோ நீர்த்துளியே துகளாக எண்ணப்படும்.

இதைச் சரிசெய்யப் பலர் கையாளும் வாய்பாடு ஒன்று உண்டு. ஈரப்பதத்தைப் பின்னமாக எடுத்து, அதன் வர்க்கத்தை 0.25 ஆல் பெருக்கி, ஒன்றிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, அத்துடன் ஒன்றைக் கூட்டி, கிடைக்கும் எண்ணால் அளவீட்டை வகுக்க வேண்டும். ஈரப்பதம் 80 சதவீதமானால் வகுக்கும் எண் 1.8, 90 சதவீதத்தில் ஏறத்தாழ 3, 95 சதவீதத்தில் 5.5. ஈரப்பத உணரி இரண்டு மூன்று சதவீதம் பிசகினாலே விடை தலைகீழாகும் இடத்தில்தான் நம் ஊரின் மழைக்கால இரவுகள் முழுவதும் கழிகின்றன. எனவே இந்த வழியைக் கைவிட்டேன்.

அடுத்து, அதே வகை உணரி இன்னொன்றை வாங்கி, அது காற்றை உள்ளிழுக்கும் குழாயின் மேல் சிறு மின்தடைகளைச் சுற்றி இளஞ்சூடாக்கினேன். 10 டிகிரி செல்சியஸில் 95 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை 18 டிகிரிக்குச் சூடாக்கினால், நீராவியின் அளவு மாறாமலேயே ஈரப்பதம் 57 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் சூடாக்குவது நல்லதல்ல. விறகுப் புகையில் எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்களும் உண்டு, அவையும் அளவீட்டிலிருந்து மறைந்துவிடும். இப்போது சூடேற்றிய உணரியும் சூடேற்றாத உணரியும் ஒரே கூரையின் கீழ் அருகருகே இயங்குகின்றன. இரண்டும் சேர்ந்து ஏறினால் புகை. சூடேற்றாதது மட்டும் ஏறினால் பனி. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஜூலை மாதம் தனக்குரிய தாழ்ந்த இடத்துக்கு வந்துவிட்டது.

பனிக்காலத்து வரைபடம்தான் மிகவும் பேசுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் மாலைகளில், வெயில் மறைந்தவுடன் தரை விரைந்து குளிர்ந்து, சரிவுகளிலிருந்து கனத்த குளிர்காற்று பள்ளத்துக்குள் வழிந்து தேங்குகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடியிருக்க, வெந்நீர் பாய்லர்களில் எரியும் சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகின் புகையும், குளிர் காயச் சாலையோரத்தில் மூட்டும் தீயின் புகையும், வாகனப் புகையும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன. அளவு ஆறு மணிக்கு மேல் செங்குத்தாக ஏறி, அடுப்புகள் அணைந்தபின் மெல்ல இறங்கி, விடியலில் குளிக்க வெந்நீர் போடும் நேரத்தில் மீண்டும் எழுகிறது. புல்வெளியில் உறைபனி வெண்மையாகப் படியும் இரவுகளே புகையும் தேங்கும் இரவுகள். இரண்டுக்கும் காரணம் அசையாத குளிர்காற்றே.

சமவெளி ஒழுங்கிலிருந்து விலகும் இடம் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் பிற்பகல். அங்கே தாழ்வு வரவேண்டிய நேரத்தில் இங்கே சிறிய, அகன்ற மேடு ஒன்று தெரிகிறது. கோவைப் பக்கத்துச் சமவெளியில் கலவை அடுக்கு உயர, வெயிலில் சூடான சரிவுகளின் வழியே மேலேறும் காற்று கீழுள்ள மங்கலையும் கொண்டுவருகிறது என்றே இதைக் கொள்கிறேன். மலைக்காற்று தானாகவே தூயது என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

24 மணி நேரச் சராசரி இவற்றையெல்லாம் மறைத்துவிடும். ஒரு கணக்குக்காக, மூன்று மணி நேரம் கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராமும் மீதி நேரம் 15 மைக்ரோகிராமும் இருப்பதாகக் கொண்டால், சராசரி சுமார் 32 தான். இந்தியாவின் 2009ஆம் ஆண்டு வரம்பான 60க்கு அது உட்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 15ஐப் போல் இருமடங்குக்கும் மேல். ஆனால், அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிள்ளைகள் தெருவில் விளையாடிவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஆகவே நாள் சராசரியை விடுத்து, மணிவாரி இடைநிலை அளவையே (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவு) மாதந்தோறும் வரைகிறேன்.

அடுத்த பனிக்காலத்துக்குள் தொட்டபெட்டா செல்லும் சாலையோரச் சரிவில், பள்ளத்தைவிட நன்கு உயர்ந்த ஓரிடத்தில் இதே இரட்டை அமைப்பு ஒன்றை வைக்கவிருக்கிறேன். மாலையில் கீழே ஏறும்போது மேலே ஏறாமல் இருந்தால், தேங்கும் அடுக்கின் மேல் எல்லை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.