எந்த வருஷத்துப் பச்சை?

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற இங்கிலாந்து நீராவி ரயில் எஞ்சினின் சின்ன மாடலுக்கு எந்தப் பச்சை வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வருஷத்து எஞ்சின் என்றுதான். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யாவிட்டால் அப்புறம் எவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்டாலும் விஷயம் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

1923இல் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து 1472 என்ற எண்ணோடு வந்த எஞ்சின் இது. அடுத்த வருஷம் 4472 ஆனது. உலகப் போர்க் காலத்தில் முழுக் கறுப்பு, 1947இல் மறுபடி ஆப்பிள் பச்சை, ரயில்வே அரசுடைமையான பிறகு கொஞ்ச காலம் நீலம், 1952 முதல் ஆரஞ்சும் கறுப்புமாகக் கோடு போட்ட கரும்பச்சை. வண்ணத்தோடு உடம்பும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஏ1 வகை, 1947 ஜனவரியில்தான் ஏ3 ஆக மாற்றிக் கட்டினார்கள். இரட்டைப் புகைபோக்கி 1950களின் கடைசியில் வந்தது, முன்பக்கம் காது மாதிரி நிற்கும் புகைத்தடுப்புத் தகடுகள் 1961இல். ஆக, ஆப்பிள் பச்சையில், 4472 எண்ணோடு, காதுத் தகடும் வைத்த மாடல் என்பது எஞ்சின் ஓய்வு பெற்று ரசிகர்கள் கைக்குப் போன பிற்காலத்துக் கோலம். அதையும் தாராளமாகச் செய்யலாம், ஆனால் பின்னால் 1930களின் பெட்டிகளைக் கோத்துவிட்டு இது அசல் என்று மட்டும் சொல்லக்கூடாது.

நான் எடுத்துக்கொண்டது 1924, வெம்ப்ளி கண்காட்சிக்குப் போன கோலம். அதற்கு கேபின் பக்கவாட்டில் எண் வராது, எஞ்சினை ஓட்டிய லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே (எல்.என்.இ.ஆர்.) கம்பெனியின் சின்னம்தான் வரும். எண் டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டி), எல்.என்.இ.ஆர். எழுத்துகளுக்குக் கீழே பெரிதாக இருக்கும். டெண்டரும் மேலே கம்பி வைத்த பழைய எட்டுச்சக்கர டெண்டர். உள்ளே நடைவழி வைத்த டெண்டர் 1928இல்தான் வந்தது. புகைப்பெட்டியின் இரண்டு பக்கமும் ஏ3க்கே உரிய மூடித்தகடு புடைத்துக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே ராவி எடுத்துவிட வேண்டும், பெயின்ட் அடித்த பிறகு கை வைக்க முடியாது.

நிறத்துக்குப் பழைய புகைப்படங்களை ரொம்ப நம்ப வேண்டாம். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாடிக் பிலிமுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது, கறுப்பாகத்தான் விழும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துப் பச்சையை முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தயாரிப்பாளர் கொடுக்கும் ஆப்பிள் பச்சையில் ஒரு சொட்டு வெள்ளை கலந்தால் சின்ன மாடலுக்கு அதுவே போதும். கறுப்பும் அப்படித்தான், சுத்தக் கறுப்பு மாடலில் ஓட்டை மாதிரி தெரியும், கொஞ்சம் சாம்பல் கலந்துகொள்ளுங்கள்.

பித்தளை உடம்பு என்றால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு), பிறகு ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாகப் பல கோட். மழைக்காலத்தில் லாக்கர் (சட்டென்று காயும் பெயின்ட்) அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். மேல் கோட் பளபளப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் கோடு அதன் மேல்தான் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி லைனிங், அதாவது ஓரக் கோடு போடுவது. அசலில் ஒரு சென்டிமீட்டர் அகலக் கோடு 1:76 அளவில் 0.13 மில்லிமீட்டர். தூரிகையால் இது ஆகிற காரியமில்லை, பழைய டிராஃப்ட்ஸ்மன்கள் வைத்திருந்த ரூலிங் பென்தான் வேண்டும். இரண்டு அலகு, நடுவே ஒரு திருகு, திருகைப் பொறுத்துக் கோட்டின் அகலம். பேனாவைப் பெயின்டில் முக்கக்கூடாது. தூரிகையால் அலகுகளுக்கு நடுவே ஒரு சொட்டு விட்டு, வெளிப்பக்கம் ஒட்டியதைத் துடைத்துவிட்டு, முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் கோடு உடையாமல் வந்தால்தான் எஞ்சின் பக்கம் போக வேண்டும். ஸ்கேலை நேராக உடம்பின் மேல் வைத்தால் பெயின்ட் அடியில் ஊறிப் பரவிவிடும், அதனால் ஸ்கேலுக்கு அடியில் அட்டைத் துண்டு ஒட்டிக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். அழுத்தவே கூடாது, பேனாவின் எடையே போதும், ஒரே இழுப்பு, நடுவில் நிற்கக்கூடாது. மூலை வளைவுகளை முதலில் போட்டுவிட்டு அவற்றை நேர்க்கோட்டால் இணைப்பது சுலபம், தலைகீழாகச் செய்தால் வளைவு கோட்டோடு சேரவே சேராது.

பச்சை லாக்கரிலும் கோடு எனாமலிலும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கோடு பிசகினால் மினரல் டர்பன்டைனில் லேசாக நனைத்த பல்குத்தும் குச்சியால் துடைத்தெடுக்கலாம், நன்றாகக் காய்ந்த லாக்கரை டர்பன்டைன் ஒன்றும் செய்யாது. இரண்டும் எனாமல் என்றால் கோட்டோடு பச்சையும் வந்துவிடும்.

பாய்லர் பட்டைகளுக்கு மட்டும் நான் பேனாவைத் தொடுவதில்லை. கறுப்புப் பட்டை, இரு ஓரத்திலும் வெள்ளைக் கோடு, அதுவும் உருளையான உடம்பில். இதற்குத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ட்ரான்ஸ்ஃபர் இருக்கிறதே, அப்புறம் என்ன வீம்பு! டெண்டரும் கேபினும் கையால் போட்டதாக இருந்தால் சரி. சக்கரங்களுக்குப் பேனாவையோ தூரிகையையோ ஆடாமல் பிடித்துக்கொண்டு, அச்சில் மாட்டிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் விளிம்பு வெள்ளை தானாக வட்டமாக விழும்.

கடைசியில் சாட்டின் வார்னிஷ். கண்காட்சி எஞ்சின் என்பதால் புகையும் அழுக்கும் பூசுகிற வேலை எனக்கு இல்லை, 1930இல் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் நடுவே ஓடிய கோலம் என்றால் சக்கரத்துக்கும் புகைப்பெட்டிக்கும் கொஞ்சம் கரி பூசிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு 4472 என்ற எண்ணை டெண்டரிலிருந்து கேபினுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.