கீழாநெல்லி ஆராய்ச்சியின் மீதிப் பாதி

எங்கள் ஒறம்பரை வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. "ஹெபடைடிஸ் பி-யை முப்பதே நாளில் விரட்டும் கீழாநெல்லி! சென்னைப் பல்கலைக்கழகம் நிரூபித்ததை மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன!" என்று பச்சை எழுத்தில், ஒரு செடிப் படத்தோடு. படத்தில் இருந்தது கீழாநெல்லியே இல்லை என்பது வேறு கதை. அனுப்பியவர் எங்க சித்தப்பா. அனுப்பினோமா விட்டோமா என்று இல்லாமல், "லேப் வெச்சிருக்கற அம்மணி என்ன சொல்லுது?" என்று என்னையும் கோர்த்துவிட்டார்.

கோபிசெட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறேன். ஹெபடைடிஸ் என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். கல்லீரல் பேச்சு வந்தால் குடும்பத்தில் என்னைத்தான் இழுப்பார்கள். குழுவில் எழுதினால் யாரும் நாலு வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் செய்தியின் முதல் பாதி பொய் இல்லை சித்தப்பா. அதுதான் சிக்கலே.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காமாலைக்கு மருந்து கொடுத்தவர். மழை விட்டதும் தடப்பள்ளி வாய்க்கால் கரையெல்லாம் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகக் காய் இருக்கும். அது இருந்தால்தான் பறிப்பார். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மையாக அரைத்து, வெள்ளாட்டுப் பாலில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வார். உப்பு, எண்ணெய், கறி எதுவும் ஆகாது. காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு போதும். வந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். கண் வெளுத்து, சிரித்துக்கொண்டே வெற்றிலையோடு திரும்பி வருவதைப் பொடக்காணியில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

தேறியதற்குக் காரணம் வேறு. நம் பக்கம் காமாலை என்று வருவதில் பெரும்பங்கு, கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள். இவை சில வாரங்கள் ஆட்டிவைத்துவிட்டுப் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இ வகை உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தத்தில் பரவும் ஹெபடைடிஸ் பி கூட, வளர்ந்த ஆளுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். அப்புச்சி வெறும் ஆட்டுப்பாலை மட்டும் கொடுத்திருந்தாலும் வெற்றிலை வந்திருக்கும். தேறாதவர்களைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் யாரும் திரும்பி வந்து அப்புச்சியிடம் கணக்குச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்க்க ஒருவர் கிளம்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன். கரிசலாங்கண்ணிச் சாறும் கீழாநெல்லிச் சாறும் சோதனைக்குழாயில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்க வைக்கின்றன என்று அவர் குழு 1982-லேயே எழுதியது. அடுத்து அவரோடு கைகோத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை: பரூக் பிளம்பர்க். எங்கள் பக்கத்துப் பழைய டாக்டர்கள் இன்னமும் சீட்டில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று எழுதி அனுப்புவார்கள் இல்லையா, அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஓர் அமெரிக்க ரத்தப்போக்கு நோயாளியின் சீரம் (ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கும் நீர்), எங்கோ இருக்கும் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் சீரத்தோடு வினை புரிந்ததைப் பிடித்துக்கொண்டு போய், கடைசியில் அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெரிந்தது. 1976-ல் நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28-தான் இப்போது உலக ஹெபடைடிஸ் தினம்.

இவர்கள் சேர்ந்து நடத்திய சோதனை 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாள்பட வைரஸைச் சுமப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குக் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத மாத்திரை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து காணாமல் போனது. மற்ற கூட்டத்தில் 23 பேரில் ஒருவருக்கு மட்டும். நாள்பட்ட தொற்றில் இது தானாக மறைவது வருசத்துக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தால் பெரிது. அந்த நிலையில் ஒரே மாதத்தில் 59 சதவீதம் என்றால் உலகமே திரும்பிப் பார்க்காதா? பார்த்தது.

வாட்ஸ்அப் இங்கேயே நின்றுவிடுகிறது. மீதியைக் கேளுங்கள். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. நெதர்லாந்தில், நியூசிலாந்தில், அங்கேயும் இல்லை. செடி வளர்ந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. செடி விஷயத்தில் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் நம் மும்பையிலேயே செய்து 1994-ல் வெளியிட்ட சோதனையிலும் மேலுறைப் புரதம் போகவில்லையே. 2011-ல் காக்ரேன் அமைப்பு கிடைத்த சோதனைகளையெல்லாம் சலித்துப் பார்த்து, கீழாநெல்லி இனத்துக்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது. யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் அச்சில் இருக்கிறது, முதல் பாதி அச்சான மாதிரியே.

இதில் சென்னைக்கு அவமானம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஊரே மந்திரம் மாதிரி பேசிக்கொண்டிருந்ததை எடுத்து, அடுத்தவன் செய்து பார்த்து மறுக்கக்கூடிய விதத்தில் வைத்தார்களே, அது எத்தனை பேருக்கு வரும்? இன்னொன்று. இன்றைக்குக் கைவசம் இருக்கும் டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்குமே தவிர, வேரோடு பிடுங்காது. அந்த வைரஸ் தன் மரபுப்பொருளைக் கல்லீரல் உயிரணுக்களின் உட்கருவுக்குள்ளேயே ஒரு சின்ன வளையமாகப் பதுக்கி வைத்திருக்கிறது. மாத்திரை அங்கே எட்டுவதில்லை. அதனால் பெரும்பாலானவர்கள் வருசக்கணக்கில் விழுங்க வேண்டியிருக்கிறது. இப்போது உலகம் முழுக்கப் புது மருந்துகளோடு துரத்துகிறார்கள் பாருங்கள், அந்தக் குறி எது தெரியுமா? ரத்தத்தில் மேலுறைப் புரதம் மறைய வேண்டும், மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆனாலும் திரும்ப வரக்கூடாது. சென்னையில் 1988-ல் குறிவைத்ததும் அதே புரதத்தைத்தான். பதில்தான் நிற்கவில்லை.

இடையில் ஒன்று. இயற்கை என்றால் கல்லீரலுக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு மஞ்சளையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டு மண்ணில் உட்கார்ந்து இதை எழுதக் கொஞ்சம் தைரியம் வேண்டும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று 2022-ல் எழுதியது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தே போனார். பத்தில் ஏழு பேருக்குக் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. சில மாத்திரைகளில், உடம்பில் மஞ்சளின் சத்து கூடுதலாக ஏற வேண்டும் என்று மிளகின் சாரமும் சேர்த்திருந்தார்கள். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, செறிவாக்கிய மாத்திரையைச் சொல்கிறேன். சித்தப்பா மஞ்சள் வெள்ளாமை செய்கிறவர். இதைச் சொன்னபோது கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, லேபுக்கு வருவோம். நம்பியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாமியார், மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகளுக்கு நாலாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று வந்திருக்கிறது. அது தப்பாகத்தான் இருக்கும், நீங்கள் ஒருக்கா பாருங்கள் என்று வந்தார்கள். ரத்தத்தைச் சுற்றிப் பிரித்தால் மேலே சீரம் நல்ல வெளிர் நிறத்தில் தெளிந்து நின்றது. காமாலைக்காரர்களின் சீரம் குழாய்க்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும், கண்ணைப் பறிக்கும் மஞ்சள். இந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை. காமாலையைக் காட்டும் பிலிருபின் சரி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சரி. ஆனால் ஹெபடைடிஸ் பி பார்க்கும் அட்டையில் சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடும் எழுந்தது. இரண்டு கோடு என்றால் தொற்று இருக்கிறது என்று அர்த்தம். மங்கல் எல்லாம் இல்லை, அழுத்தமான சிவப்பு. உறுதி செய்ய எலிசா என்ற இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினோம், அதிலும் அதே.

"கண்ணு மஞ்சளா இல்ல, சோறு நல்லா திங்கறா. இவளுக்கு என்ன சீக்குங்க?" என்றார் மாமியார். இந்த வைரஸ் இருபது முப்பது வருசம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருங்கிய பிறகோ புற்று வந்த பிறகோதான் முகம் காட்டும் என்பதை எந்த வார்த்தையில் சொன்னால் ஏறும் என்று நான் யோசிப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார்: "பத்து மாசமும் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறனுங்க. கொழந்தைக்கு வராதுல்லங்க?"

இங்கேதான் எனக்குக் கோபம் வருவது, அந்தம்மா மேல் அல்ல, அந்தப் பச்சை எழுத்து மேல். பெரியவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போய்விடும் என்றேனே, பிரசவத்தில் தொற்றும் பச்சைக் குழந்தைக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு ஆயுள் முழுக்க நின்றுவிடும். இந்தப் பெண்ணுக்கும் அனேகமாக அப்படித்தான் வந்திருக்கும். தமிழ்நாடு உட்பட பத்து மாநிலங்களுக்கு அரசின் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விரிவடைந்தது 2007-08 வாக்கில்தான்; அவள் அதற்கு முன்னால் பிறந்தவள். குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, அதோடு இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி. தாய்க்கு வைரஸ் எண்ணிக்கை மில்லிக்கு இரண்டு லட்சம் அலகுக்கு மேல் இருந்தால் ஏழாம் மாதத்திலிருந்து டெனோஃபோவிர். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். பையில் இருந்த பழைய ரசீதின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். 24 மணி நேரம் என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

அவளுக்கு வைரஸ் எண்ணிக்கை அந்த இரண்டு லட்சத்துக்கு மேலேதான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டாள். குழந்தை பிறந்த அன்றைக்கே இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்துச் சோதிக்கச் சொல்லியிருந்தேன். ஆண்டு நோம்பி முடிந்து கூட்டமாக வந்தார்கள். குழந்தையின் அட்டையில் ஒற்றைக் கோடுதான். எதிர்ப்பு சக்தி அளவும் நன்றாகவே இருந்தது. புருசனுக்குத் தொற்று இல்லை, அவருக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டது.

வீட்டில் மீதி இருப்பவர்களையும் பார்த்துவிடலாம் என்று மாமியாரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. "எனக்கு எதுக்குங் அம்மணி? நாந்தான் தெனமும் கீழாநெல்லி திங்கறனே."

"திங்கறது திங்கறீங்க, ரெண்டு மில்லி ரத்தத்தைக் குடுத்துட்டுப் போயித் தின்னுங்க," என்றேன். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அந்தம்மா என்னை ஒரு முறை முறைத்துவிட்டுக் கையை நீட்டினார்.