ஸ்க்ரூவின் பின்னால் வந்த தண்ணீர்

மழை விட்டுப் பத்து நாளாகியிருந்தது. நல்ல வெயில். எங்கள் பழைய கேரவனின் கூரை ஓரமாக ஓடும் அலுமினிய ரெயிலில், அதாவது விளிம்புப் பட்டையில், முதல் ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஸ்க்ரூ வெளியே வந்ததுமே அதன் பின்னால் கறுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்து, என் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை வழிந்தது. ஸ்க்ரூவின் தலை பளபளவென்று இருந்தது. மரத்துக்குள் இருந்த பாதியோ துருவேறி ஊசி மாதிரி மெலிந்திருந்தது. பத்து நாளாக அந்தச் சுவருக்குள் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

1968-இல் செய்த கேரவன் இது. 12 அடி நீளம், ஒற்றை அச்சு, காரின் பின்னால் இழுத்துப் போகிற நடமாடும் வீடு. நானும் தம்பியும் சேர்ந்து வாங்கினோம். நான் மயங்கியது உள்ளே இருந்த அலமாரிகளைப் பார்த்துத்தான். வளைந்த கதவுகள், ஒரே மரத்திலிருந்து தாள் போல உரித்த வெனீர், கதவுக்குக் கதவு தொடர்ந்து ஓடும் ரேகை. படுக்கைக்கு மேலே கைக்குட்டை அளவு ஒரு பழுப்புக் கறை இருந்ததைப் பார்த்தோம். அதை ஜன்னல் ஒழுகல் என்றே இருவரும் நினைத்துக்கொண்டோம்.

பழைய கேரவனின் சுவர் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கறையைப் படிக்கத் தெரியும். நடுவில் மரச்சட்டம், நம் தச்சர்கள் ரீப்பர் என்று சொல்லும் அளவுக் கட்டைகள்தான். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. பிளைவுட், இடையில் தெர்மோகோல். தகடும் தகடும் சேரும் விளிம்பில் மேஸ்டிக் என்ற பிசினை வைத்து, மேலே ரெயிலைப் பொருத்தி ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். மேஸ்டிக் மெத்தென்று இருக்கும் வரைக்கும்தான் அந்த வீட்டுக்குக் கூரை உண்டு. அது காய்ந்து இறுகிவிட்டால், வண்டி ஓடும்போது சட்டம் அசைய அசைய, ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். உள்ளே போன தண்ணீர் நேராக இறங்குவதில்லை. கட்டை மேல் ஓடி, மூலையில் தேங்கி, நிதானமாகப் பிளைவுட்டில் ஊறும். நம் கண்ணுக்குக் கறை தெரியும்போது அதற்குப் பல வருஷ வயதாகியிருக்கும். எங்கள் கறைக்கும் உண்மையான ஒழுகலுக்கும் நடுவே இரண்டரை அடி தூரம்!

இது தெரியாமல் முதல் வாரத்தில் ஒரு தவறு செய்தேன். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கானை ரெயில் ஓரமெல்லாம் பிதுக்கிவிட்டேன். வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை சிலிக்கான் காயும்போது அசெட்டிக் அமிலம் கசியும். அது அலுமினியத்தை அரிக்கும். அதோடு போகாது. சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது, புது சிலிக்கான்கூடச் சரியாக ஒட்டாது. பிளாஸ்டிக் கத்தியும் துணியுமாக அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஆறு நாள் ஆனது. இதற்கென்றே பியூட்டைல் டேப் என்ற ரப்பர்ப் பிசின் நாடா இருக்கிறது. பல வருஷங்களுக்கு இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், சட்டம் அசைந்தால் கூடவே அசையும். ரெயிலுக்கு அடியில் அதை விரித்து, ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்காமல், ஒரு நாள் விட்டு மறுபடி இறுக்கி, வெளியே பிதுங்கியதை வழித்தெடுக்க வேண்டும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது அலுமினியத்தை நேரடியாகத் தொடாதபடி அதன் கழுத்திலும் கொஞ்சம் சீலன்ட்.

சுவரை உட்புறமிருந்து திறந்தோம். ஒவ்வொரு பிளைவுட் பலகைக்கும் பென்சிலால் எண் போட்டு, ஃபோட்டோ எடுத்து, உடையாமல் கழற்றினேன். மக்கிப்போன பலகையைக்கூட எறியவில்லை. புதுப் பலகையை வெட்ட அதுதான் அச்சு. பிறகு குத்தூசியை எடுத்துக்கொண்டு சட்டம் முழுக்கக் குத்திப் பார்த்தேன். நல்ல மரத்தில் ஊசி டக்கென்று நிற்கும். இடது பின் மூலையில் பிடி வரைக்கும் சத்தமே இல்லாமல் இறங்கியது. கையால் அள்ளினால் ஈரமான மரத்தூள்தான் வந்தது. மேலே இருந்த அலுமினியத் தகடுதான் அந்த மூலையின் வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. எல்லாக் கட்டைகளையும் ஒரே நாளில் உருவிவிட்டால் வண்டி கோணிக்கொள்ளும், அதன்பின் கதவும் சாத்தாது, ஜன்னலும் உட்காராது. ஒரு கட்டையை எடுத்து, அதே அளவில் புதியதைப் பொருத்தி, எபாக்ஸி பசை இறுகிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். பாதி நன்றாக இருந்த கட்டைகளை மக்கலைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வெட்டினேன். 1-க்கு 8 சாய்வில் சீவி, புதுக்கட்டையையும் அதே சாய்வில் சீவி ஒட்டினேன். 25 மி.மீ. தடிமனுள்ள கட்டை என்றால் சாய்வு 200 மி.மீ. நீளம் வரும். இழைப்புளியால் அந்தச் சாய்வைச் சீராக எடுத்து, இரண்டு துண்டும் வெளிச்சம் புகாமல் பொருந்துகிற நிமிஷத்துக்காகவே இந்த வேலையை நான் செய்கிறேன். தெர்மோகோலுக்குப் பதிலாக நீரை அதிகம் உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி நுரைப் பலகை வைத்தோம்.

"மரமே இல்லாத வண்டி வாங்கியிருக்கலாமே" என்று பலர் கேட்டார்கள். அமெரிக்கர் வாலி பையம் 1936-இல் கொண்டுவந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் கேரவனைக் காட்டுவார்கள். விமானம் போல ரிவெட் அடித்த அலுமினிய உடம்பு, உண்மையிலேயே அழகு. ஆனால் பழைய ஏர்ஸ்ட்ரீமைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். அதன் தரையும் பிளைவுட்தான். பின்பக்கம் ஒழுகி, தரை விளிம்பு மக்கி, உடம்பு சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், பிடியை விட்டுவிடுகிற கதை அங்கேயும் உண்டு. உடம்பு எதனால் செய்திருந்தாலும் தண்ணீர் தனக்கான மரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

எதைப் புதுப்பிப்பது, எதை விடுவது என்பதில் எனக்கும் தம்பிக்கும் ஒரு மாதம் வாக்குவாதம். அவனுக்கு அலமாரிகளை வெள்ளையடித்தால் உள்ளே விசாலமாகத் தெரியும் என்று எண்ணம். நான் ஒரு கதவின் உட்பக்கத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. தின்னர் தொட்ட பஞ்சை வைத்ததும் இளகி ஒட்டியது. அப்படியென்றால் அந்தப் பழைய மெருகுப் பூச்சு ஸ்பிரிட்டில் இளகும் ஷெல்லாக் இல்லை, தின்னரில் இளகும் லாக்கர். லாக்கருக்கு ஒரு நல்ல குணம்: மேலே அடிக்கும் புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். சுரண்ட வேண்டியதே இல்லை. அழுக்கைத் துடைத்து, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு கை லாக்கர் அடித்தேன். ரேகைகள் ஈரம் பட்ட கூழாங்கல் மாதிரி எழுந்து வந்தன. தம்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரிக்கா, இது இப்படியே இருக்கட்டும். ஒயர் எல்லாம் என் இஷ்டம்" என்றான்.

ஒயரில் நான் தலையிடவில்லை. கண்ணில் படுவது பழையதாகவும், சுவருக்குள் மறைவது புதியதாகவும் இருக்கட்டும் என்று முடிவானது. பழைய 21 வாட் பல்புகள் ஐந்து இருந்தன; எல்லாம் எரிந்தால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதே கூண்டுகளுக்குள் 3 வாட் எல்இடி போட்டதும் மொத்தமே ஒன்றேகால் ஆம்பியர். பேட்டரியும் லித்தியம் ஆனது, அதற்கேற்ற புது சார்ஜரோடு. பழைய ஈய பேட்டரியின் எடையில் பாதிகூட இல்லை.

கேஸ் விஷயத்தில் மட்டும் நானும் விடாப்பிடி. தரையில் ஒரு ஓட்டை இருந்தது. பூச்சி வருகிறதென்று முன்பு யாரோ அதை அட்டையால் அடைத்திருந்தார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படரும், வெளியேற அந்த ஓட்டைதான் வழி. தயவுசெய்து அடைக்காதீர்கள், கம்பி வலை போடுங்கள். குழாய் இணைப்பைத் தகுதிச் சான்று உள்ளவரிடமே கொடுத்தோம்.

சேசிஸ் வேலை வழக்கமானதுதான்: துரு சுரண்டல், ஜிங்க் பிரைமர், பேரிங்குக்குப் புது கிரீஸ். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியை ஊதாமல் நனைத்துத் துடைத்தோம். டயரின் பட்டன்கள் புதுசு போலத்தான் இருந்தன. ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் வேறு கதை சொல்லின. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1109 என்றால் 2009-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். அன்றே மாற்றினோம்.

முதல் வெள்ளோட்டத்தில் மணிக்கு 60 கி.மீ. தாண்டியதும் பின்னால் வால் ஆடத் தொடங்கியது. ஒரு நொடிக்கு ஒரு நொடி அதிகமாக. தம்பி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டான். வேகம் குறையக் குறைய அடங்கியது. இறங்கியபோது எனக்குக் கை நடுங்கியது. மூக்கு எடையை, அதாவது வண்டியின் முன்முனை காரின் கொக்கி மேல் அழுத்தும் எடையை, அளந்தோம், வெறும் 19 கிலோ. மொத்த எடை 780 கிலோ. அதில் ஐந்து முதல் ஏழு சதவீதமாவது காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும். வசதியாக இருக்கிறதென்று பேட்டரியையும் தண்ணீர் கேனையும் கடைசி அலமாரியில் வைத்திருந்தோம். இரண்டையும் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக மாற்றியதும் 47 கிலோ காட்டியது. அதன்பின் ஆடவில்லை.

அலமாரிக் கதவின் உட்பக்கம், பஞ்சு வைத்துச் சோதித்த இடத்துக்குக் கீழே, ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை ஈர மீட்டரை எட்டு இடங்களில் வைத்து அளந்து அதில் எழுதுகிறேன். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20 தாண்டினால் மரம் மக்க ஆரம்பிக்கும். ஏழு இடங்கள் 11, 12 என்றே நிற்கின்றன. இடது பின் மூலை மட்டும் போன மாதம் 14, இந்த மாதம் 17. கறை எதுவும் இல்லை, கை வைத்தால் காய்ந்துதான் இருக்கிறது. இருந்தாலும் சனிக்கிழமை அந்தப் பக்கத்து ரெயிலைக் கழற்றப்போகிறேன். தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன், ஒரு சுருள் பியூட்டைல் டேப்போடு.