விலாவில் ஒரு செம்பழுப்பு

2024 நவம்பர் 16, கோத்தகிரி

காலை ஆறரைக்கே லாங்வுட் சோலை, மலை உயரத்து ஈரக்காடு. நேற்றைய மழையில் கால் வைத்த இடமெல்லாம் அட்டை. ஒரு மணி நேரம் சருகைக் கிளறும் சத்தம் மட்டும்தான். அப்புறம் பாசி படர்ந்த வேர்மேல் ஒரு சின்னப் பறவை தாவி ஏறி நின்றது. நீண்ட கால், குட்டை வால், முதுகெல்லாம் கருநீலம். இருட்டில் வேறெதுவும் பிடிபடவில்லை. திரும்பியபோதுதான் விலா தெரிந்தது: சுட்ட செங்கல் நிறம், நடு வயிறு வெள்ளை. நீலகிரிச் சோலைக்கிளி! கை நடுங்கி, படம் எடுக்கவே மறந்துவிட்டேன்.

நவம்பர் 17

பெயரைச் சொன்னதும் சித்தப்பா, "கிளின்னா பச்சையா இருக்குமேப்பா?" என்றார். மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளிதான், அந்த வழியில் வந்த பெயர் என்றேன். அறிவியல் பெயரான சோலிகோலாவில் நம் 'சோலை'யே இருக்கிறது. 'கோலா' என்றால் லத்தீனில் வசிப்பது. 2017இல் வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் வைத்த பேரினப் பெயர் இது. அதுவரை பிராக்கிப்டெரிக்ஸ், மயோமெலா என்று வேறு பேரினங்களுக்கு இந்தப் பறவை இடம் மாறிக்கொண்டே இருந்தது. மரபணுவைப் பார்த்தபின்தான் ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமான தனிக் கிளை என்று தெரிந்தது.

நவம்பர் 23, கொடைக்கானல்

பாம்பே சோலையில் அதே நடை, அதே தாவல். ஆனால் விலாவில் செம்பழுப்பு துளியும் இல்லை. நீலச் சாம்பல் இறங்கி வெள்ளை வயிற்றில் முடிகிறது. புருவக் கோடும் பளிச்சென்று இருந்தது. இது வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி. வெகுகாலம் இரண்டையும் ஒரே இனத்தின் உள்ளினங்களாகத்தான் வைத்திருந்தார்கள். நடுவே இருப்பது பாலக்காட்டுக் கணவாய். பேருந்தில் நாம் சுலபமாகக் கடந்துவிடும் அந்தத் தாழ்நிலம், உயரத்துச் சோலையை விட்டு இறங்காத பறவைக்குக் கடல் மாதிரி. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருப்பதை 2017 ஆய்வு தனி இனமாகவே விவரித்தது. அதை உள்ளினமாக வைக்கும் பட்டியல்களும் உண்டு.

நவம்பர் 24

இரண்டு பறவைகளுமே உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பவை. காரணத்தை இன்று நடந்தே பார்த்தேன். சோலை முடிந்த இடத்தில் நட்டு வளர்த்த சீகை (வாட்டில்) மரங்கள், அதைத் தாண்டி பைன். பைனுக்கடியில் ஊசியிலை மெத்தை மட்டும். புழுபூச்சி தேட ஈரச் சருகு இல்லை. அந்தப் பக்கம் ஓடையோரமாக ஒரு துண்டுச் சோலை மிச்சம் இருக்கிறது. ஓரத்தில் நின்று காது கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து, உள்ளே எங்கோ மெல்லிய விசில். ஒன்றாவது இருக்கிறது.