வண்டி எங்கே நிற்கிறது?

சம்பா அறுவடை வந்துவிட்டால் மன்னார்குடிப் பக்கம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "வண்டி எங்கே வருகிறது?" ஓட்டுநரின் பதிலும் ஒன்றேதான்: "பக்கத்தில் வந்துவிட்டேன்." வண்டி என்றால் அறுவடை இயந்திரம். மச்சானின் வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று, ஓட்டுநரின் கைப்பேசியை வைத்து வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செயலி திரையில் திறந்திருக்கும்வரை புள்ளி அழகாக நகர்கிறது. கைப்பேசி சட்டைப்பைக்குள் போனதும் வண்டி நீடாமங்கலத்திலேயே உறைந்துவிடுகிறது. பழியை ஜிபிஎஸ் மீது போடாதீர்கள். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் இருக்கும் செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு. அடிக்கடி வேண்டுமானால், அறிவிப்புப் பகுதியில் ஓர் அறிவிப்பைக் காட்டியபடி ஓடும் 'ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்' (முன்னணிச் சேவை) எழுத வேண்டும். சில கைப்பேசிகளின் பேட்டரிச் சிக்கனம் அதையும் கொன்றுவிடுகிறது. சிக்கனமா அது, கருமித்தனம்!

துல்லியம் வேறு கதை. வயல்வெளியில் வானம் திறந்து கிடப்பதால் சுமார் 5 மீட்டருக்குள் வந்துவிடுகிறது, தென்னந்தோப்புக்குள் தடுமாறுகிறது. ஒவ்வொரு இருப்பிடத்தோடும் பிழை ஆரம் மீட்டரில் வரும்; புள்ளியைச் சுற்றி அந்த ஆரத்தில் ஒரு வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். ஆரம் 30 மீட்டரைத் தாண்டினால் அந்தப் புள்ளியைத் தூக்கி எறிந்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டு 12 முதல், அனுமதி கேட்கும்போது ஓட்டுநர் 'தோராயமான இருப்பிடம்' என்று தேர்ந்தெடுத்தால் போச்சு, வண்டி அடுத்த ஊர் வயலில் நிற்கும்.

இருப்பிடம் நொடிக்கொரு முறை வேண்டும் என்கிறார் மச்சான். வயலில் ஊர்ந்து போகும் வண்டிக்குப் பத்து நொடிக்கு ஒரு முறை போதும் என்பது என் கட்சி. பேச்சுவார்த்தை தொடர்கிறது.