இலவச ரயில் பிளான் மென்பொருள் காசுக்கு மாறினால் முதலில் செய்ய வேண்டியவை

மாதிரி ரயில் பாதை வரைகிற மென்பொருள் ஒன்று இலவசத்தை விட்டுக் காசுக்கு மாறினால் எங்கள் ஆட்களிடம் இரண்டு குரல் கேட்கும். "இவ்வளவு நாளும் சும்மா தந்திட்டு இப்ப காசு கேக்கிறாங்கள்" என்பது ஒன்று. "செய்தவர் எத்தினை வருசம் இருந்து செய்திருப்பார், குடுத்தால் என்ன?" என்பது மற்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. உழைப்புக்குக் காசு கேட்பது பிழையில்லை. ஆனால் இப்படியான மென்பொருட்களின் தண்டவாள நூலகத்தில், அதாவது பிளானில் எடுத்து வைக்கிற துண்டுகளின் தொகுப்பில், கணிசமான பங்கு, பாவிக்கிறவர்கள் தங்கள் கையிலுள்ள துண்டுகளை அளந்து அனுப்பியது. அந்த உழைப்பும் சேர்ந்துதான் இன்று விலைக்குப் போகிறது. அதனால் வருகிற மனவருத்தத்தைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இந்த வித்தியாசம் விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும். இலவச மென்பொருளின் மூலநிரல் செய்தவரிடமே இருக்கும். அடுத்த வெர்சனுக்கு அவர் விலை போடலாம், நிறுத்தியும் விடலாம். எக்ஸ்ட்ராக்காட் (XTrackCAD) என்ற ரயில் பிளான் மென்பொருள் போன்ற கட்டற்றவை, நிரலை யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜி.பி.எல். உரிமத்தில் வெளிவருவன. வெளிவந்த வெர்சனை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் அதே நிரலில் தொடரலாம். விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். பழகச் சிரமம், முகப்பும் பழைய காலத்தது. இருந்தாலும் பத்து வருடம் கழித்துப் பைலைத் திறக்க முடியுமா என்று கேட்டால் நான் அதன் பக்கம்தான் நிற்பேன்.

மாற்றம் அறிவிக்கப்பட்ட உடனே செய்ய வேண்டியது அப்டேற்றை நிறுத்துவது. மென்பொருளுக்குள் தானாக அப்டேற் தேடுகிற வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இப்போதுள்ள வெர்சனின் இன்ஸ்டோல் பைலையும் அதோடு வந்த உரிமப் பத்திரத்தையும் பென் டிரைவில் ஒன்று, வேறொரு கொம்பியூட்டரில் ஒன்று என்று போட்டு வையுங்கள். கன பேர் பிழை விடுவது அடுத்த இடத்தில்: புது வெர்சனைச் 'சும்மா பார்ப்போம்' என்று போட்டு, பழைய பிளானை அதில் திறந்து சேவ் பண்ணிவிடுவார்கள். புது வடிவத்தில் சேவ் ஆன பைலைப் பழைய வெர்சன் பெரும்பாலும் திறக்காது. எனவே பிளான் போல்டரை முழுதாகக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை வாசிக்க மட்டும் என்று மாற்றிய பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு பிளானையும் மூன்று விதமாக வெளியே எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் பீ.டீ.எப்.; வசதி இருந்தால் டீ.எக்ஸ்.எப்., அதாவது மற்ற வரைபட மென்பொருட்களும் திறக்கிற பைல்; துண்டுப் பட்டியல் எழுத்துப் பைலாக. பட்டியலில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் காணாது. வளைவென்றால் ஆரையும் பாகையும், நேரென்றால் நீளம், பொயின்ட் (பாதை பிரிகிற துண்டு) என்றால் இடதா வலதா என்பதும் கம்பனி இலக்கமும் வேண்டும். உயரம் கொடுத்த பாதையாக இருந்தால் ஒவ்வொரு முனையின் உயரத்தையும் தனியாக எழுதுங்கள். டீ.எக்ஸ்.எப். கோட்டைக் கொண்டுபோகும், 'இது 438 மில்லிமீற்றர் ஆரை வளைவுத் துண்டு' என்ற அறிவைக் கொண்டுபோகாது. லிப்ரேகாட் போன்ற பொது வரைபட மென்பொருளில் திறந்தால் வெறும் வில்லும் கோடும்தான் தெரியும்.

காசு கட்டத்தான் வேண்டுமா என்பதைத் துண்டுகளை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். இந்தத் துறையில் வழமையான கட்டுப்பாடு, இலவசமாக இத்தனை துண்டு வரை, அதற்கு மேல் லைசென்ஸ் என்பது. 50, 100 என்ற எல்லைகள் கேட்டால் சிறிதாகத் தெரியும். ஆனால் எட்டுக்கு நாலு அடி பிளைவூட் ஒன்று 2440க்கு 1220 மில்லிமீற்றர். அதில் பீக்கோ கம்பனியின் செட்ராக் என்ற ஆயத்தத் துண்டுகளில் மூன்றாம் ஆரையில், அதாவது 505 மில்லிமீற்றரில், ஒரு நீள்வட்டம் போட 45 பாகை வளைவு எட்டும் 335 மில்லிமீற்றர் நேர்த்துண்டு ஆறும் போதும். அதற்குள்ளே 438 ஆரையில் இரண்டாவது வட்டம், அதுவும் 14 துண்டு. இரண்டு பாதைக்கும் இடைவெளி 67 மில்லிமீற்றர். பொயின்ட் நாலு, பக்கப்பாதைக்குப் பத்துத் துண்டு சேர்த்தாலும் 42 தான். 571.5 என்ற நாலாம் ஆரையை இந்தப் பலகையில் போடாதீர்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புக்கு 38 மில்லிமீற்றரே மிஞ்சும். தடம் புரண்டால் பெட்டி நேரே நிலத்தில்.

எல்லையைத் தாண்டினாலும் வழி உண்டு. மென்பொருள் எண்ணுவது துண்டை, நீளத்தை அல்ல. இரண்டு 335 நேர்த்துண்டு வருகிற இடத்தில் 914 மில்லிமீற்றர் பிளெக்ஸி (வளைக்கவும் வெட்டவும் கூடிய நீளத் தண்டவாளம்) ஒன்றை அளவுக்கு வெட்டிப் போட்டால் ஒரு எண்ணிக்கை மிஞ்சும். பெரிய பிளானைப் பலகை பலகையாகப் பிரித்துத் தனித்தனிப் பைலாகவும் வரையலாம். அப்படிச் செய்தால் பலகை விளிம்பில் பாதை வெட்டுகிற புள்ளியின் அளவும் கோணமும் இரண்டு பைலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். விளிம்பை எப்போதும் 90 பாகையில், நேர்த்துண்டில் கடவுங்கள். வளைவில் கடந்தால் சரியாகப் பொருந்துவது கடினம்.

இனி எக்ஸ்ட்ராக்காட்டுக்கு மாறுவது. முதலில் அறையின் அளவையும் ஸ்கேலையும் கொடுத்து, பராமீட்டர் பைல்களில், அதாவது துண்டு நூலகப் பைல்களில், உங்கள் கம்பனிக்குரியதை ஏற்றுங்கள். பீக்கோவில் தண்டவாளத்தின் உயரத்தைப் பொறுத்து கோட் 100, கோட் 75 என்று வேறு வேறாக இருக்கும். மாறி ஏற்றினால் பொயின்ட்டின் நீளமே பிழைக்கும். பழைய பிளானைப் படமாக எடுத்துப் பின்னணியில் வைத்து, அறிந்த நீளம் ஒன்றோடு ஒப்பிட்டு அளவைச் சரிபாருங்கள். வரையும்போது பொயின்ட்டுகளை முதலில் வையுங்கள். அவற்றை வளைக்கவோ வெட்டவோ முடியாது. அடுத்து வளைவுகள், பிறகு நேர். பிளெக்ஸி கடைசி. இந்த ஒழுங்கை மாற்றினால் வட்டம் மூடுகிற இடத்தில் இடைவெளி வந்து நிற்கும்.

சில மென்பொருட்கள் சிறு இடைவெளியையும் சிறு கோண விலகலையும் கண்டுகொள்ளாமல் இணைத்துவிடும். பழைய பிளான் அப்படி மூடியிருந்தால் புதியதில் மூடாது. அப்போது 'இணைக்கும் தூரம்' அமைப்பைக் கூட்டி மூடப் பார்க்காதீர்கள். பிழை பிளானில் முன்பே இருந்தது, இப்போதுதான் கண்ணில் படுகிறது. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் ஒரு துண்டை எடுத்துவிட்டுப் பிளெக்ஸி போட்டுச் சரிசெய்யுங்கள்.

எங்கள் ஊர்ப் பாதையை மாதிரியாகச் செய்கிறவர்களுக்கு ஒரு விசயம். காங்கேசன்துறைப் பாதையின் தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். பெரும்பாலான மென்பொருட்களில் முதலில் கண்ணில் படுவது எச்.ஓ. என்ற அளவு. அதன் 16.5 மில்லிமீற்றர் பாதை 1:87 இல் 1435 மில்லிமீற்றர்ப் பாதைக்குரியது, எங்களுடையது அல்ல. ஆனால் அடிக்கு மூன்று மில்லிமீற்றர் என்ற அளவை, அதாவது 1:101.6 ஐ எடுத்தால் ஐந்தரை அடி சரியாக 16.5 மில்லிமீற்றர். கடையில் வாங்குகிற சாதாரணத் தண்டவாளமே துல்லியமாகப் பொருந்தும். 200 மீற்றர் மேடை, அடிக்கு நாலு மில்லிமீற்றர் என்ற 1:76.2 இல் 2.62 மீற்றர், எட்டடிப் பலகையில் கொள்ளாது. 1:101.6 இல் 1.97 மீற்றர், கொள்ளும். ஆயத்தமாக விற்கிற எஞ்சின், பெட்டிகள் இந்த அளவில் கிடைப்பது அரிது, உடலைக் கையால் செய்ய வேண்டும். யாழ்தேவி ரயிலைச் செய்ய நினைக்கிறவர் எப்படியும் அந்த வேலையைச் செய்யத்தான் போகிறார். மென்பொருளில் தண்டவாளத்தை எச்.ஓ. நூலகத்திலிருந்து எடுங்கள், மேடை, கட்டடம், கடவை எல்லாவற்றையும் 101.6 ஆல் வகுத்துத் தனி லேயரில் வரையுங்கள்.

காசு கட்டுவதென்று முடிவெடுத்தால் கட்ட முதல் சிலதைக் கேட்டுத் தெளியுங்கள். ஒரு தரம் கட்டுவதா, வருடா வருடமா? எத்தனை கொம்பியூட்டருக்கு? வின்டோஸ் மறுபடி போட்டால் பதிவு செல்லுமா, எத்தனை தடவை? கரண்ட் போய் வருகிற வீட்டில் இது சின்ன விசயமில்லை. வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டொலர் விலையோடு வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். உடைத்த கொப்பி தேடிப் போகாதீர்கள். செய்தவருக்கு அநியாயம், அதோடு வைரஸ் வருகிற வழியும் அதுதான்.

எந்த மென்பொருளில் வரைந்தாலும் கடைசியில் பலகையில் விரிக்கப் போவது ஒன்றுக்கு ஒன்று அச்சைத்தான். எட்டுக்கு நாலு பலகைக்கு ஏ4 என்றால், ஓரம் ஒன்றின்மேல் ஒன்று படிய விட்டு, கிட்டத்தட்ட 70 தாள் வரும். கட்டட வரைபடம் அடிக்கிற கடையில் 36 அங்குல ரோலில் இரண்டு பட்டியாக எடுப்பது நல்லது. அந்த ரோலின் அகலமும் பிளெக்ஸித் துண்டின் நீளமும் ஒன்றே, ஒரு யார், அதாவது மூன்றடி. பெனர் அடிக்கிற பிளெக்ஸ் சீட் மலிவு என்று போகாதீர்கள். இழுத்தால் நீளும், வெயிலில் இன்னும் நீளும்.

கடைக்குக் கொடுக்க முதல் பிளானின் மூலையில் நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக 500 மில்லிமீற்றர் கோடு வரையுங்கள். அச்சு வந்ததும் அடிமட்டத்தால் இரண்டையும் அளந்து பாருங்கள். 'பக்கத்துக்கு அளவாக்கு' என்ற தெரிவு அணைக்கப்படாமல் இருந்து 97 வீதத்தில் அடித்திருந்தால் 500 என்பது 485 ஆக நிற்கும்; 438 ஆரை 425 ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உண்மையான வளைவுத் துண்டொன்றை அச்சின் மேல் வைத்தால் தெரியும்: ஒரு முனையைப் பொருத்தினால் மறுமுனை கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும். அப்படி நின்றால் ஆணி அடிக்காதீர்கள், திரும்ப அச்செடுங்கள்.

சரியாகப் பொருந்தினால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு விசிட்டிங் காட்டைச் செருகித் துண்டுகளைப் பொருத்தி, பிறகு காட்டை உருவுங்கள். 914 மில்லிமீற்றர்த் தண்டவாளம் 15 பாகை செல்சியஸ் சூடு கூடினால் கால் மில்லிமீற்றருக்குக் கிட்ட நீளும். மாரியில் ஈரம் குடித்த பலகை பங்குனி வெயிலில் காய்ந்து சுருங்கும். இரண்டுக்கும் அந்த இடைவெளி வேண்டும்.